கையடக்க லேப்டாப் வாங்கும் முன் அதன் சர்வீஸ் மேனுவலைத் திறந்து பாருங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு மெல்லிய லேப்டாப் வாங்கினேன். எடை ஒன்றேகால் கிலோகூட இருக்காது. பையில் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். ரேம் 8 ஜிபி. "இப்போதைக்கு இது போதும் சார், வேணும்னா அப்புறம் இன்னொரு எட்டு போட்டுக்கலாம்" என்றார் விற்றவர். ஒன்றரை வருடம் போனது. பிரவுசரில் இருபது டேப் திறந்தாலே இழுக்க ஆரம்பித்தது. சென்னை ரிச்சி தெருவில் ரிப்பேர் பார்க்கும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். அடிமூடியைக் கழற்றி, உள்ளே வரிசையாக உட்கார்ந்திருந்த நாலு கறுப்புச் சில்லுகளைக் காட்டினார். "இதான் அண்ணே உங்க ரேம். இதுல எதைக் கழட்டுறது, எங்க மாட்டுறது?"

போர்டிலேயே சால்டர் செய்து பற்றவைத்த ரேம். ரேம் பட்டையைச் செருகும் ஸ்லாட்டே கிடையாது. அந்த லேப்டாப்பில் இப்போது அம்மா சமையல் வீடியோ பார்க்கிறார். அதற்கு அருமையான லேப்டாப்.

அன்றிலிருந்து யார் யோசனை கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: பிற்பாடு மாற்ற முடியாததை இன்றைக்கே நல்லதாகப் பார்த்து வாங்குங்கள், மாற்ற முடிந்தது இன்றைக்குக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. கடையில் நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. "1 டிபி எஸ்எஸ்டி சார்" என்று, அரைமணி நேரத்தில் யாரும் மாற்றிக்கொள்ளக்கூடிய பொருளைக் காட்டி விலையை ஏற்றுவார்கள். மாற்றவே முடியாத புராசஸரைப் பற்றிக் கேட்டால் "ஐ5 சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

எது பூட்டியது, எது திறந்தது

புராசஸர் பூட்டியது. இன்டெல்லின் நான்காம் தலைமுறை வரை, அதாவது 2013 வாக்கில், லெனோவோவின் திங்க்பேட் டி440பி போன்ற சில லேப்டாப்களில் புராசஸர் சாக்கெட்டில் இருந்தது. கழற்றி வேறொன்று போடலாம். அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லாமே போர்டோடு பற்றவைத்தவைதான். கிராபிக்ஸ் சிப்புக்கும் இதே கதை. ஃபிரேம்வொர்க் 16 போல கிராபிக்ஸ் பகுதியைத் தனியாகக் கழற்றி மாற்றும் லேப்டாப் உண்டு, ஆனால் அது 16 அங்குலம். கையடக்கம் என்று தேடி வந்தவருக்கு உதவாது.

எஸ்எஸ்டி பெரும்பாலும் திறந்தது. எம்.2 என்ற சின்னப் பட்டை, ஒரே ஒரு திருகு. இன்றைய மேக்புக்கில் இது முடியாது. மலிவு லேப்டாப்களில் வரும் இஎம்எம்சி சேமிப்பகமும் பற்றவைத்ததே. அந்த வார்த்தையை விவரப் பட்டியலில் பார்த்தால் அடுத்த லேப்டாப்புக்குப் போய்விடுங்கள். பேட்டரி பெரும்பாலும் திருகில் நிற்கும், மாற்றலாம். வைஃபை கார்டு பல மாடல்களில் மாற்றலாம். டிஸ்ப்ளேயையும் மாற்றலாம்தான், ஆனால் அது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை.

மீதி இருப்பது ரேம். இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். மூன்று வகை உண்டு. இரண்டு ஸ்லாட் இருப்பது முதல் வகை. நமக்கு வேண்டியது இது. ஒரு பகுதி பற்றவைத்து, கூடவே ஒரு ஸ்லாட் கொடுப்பது இரண்டாவது. முழுக்கப் பற்றவைத்தது மூன்றாவது. இரண்டாவது வகை மோசமில்லை. 8 ஜிபி பற்றவைத்த லேப்டாப்பில் 16 ஜிபி பட்டையைச் சேர்த்தால் 24 ஆகிறது. அதில் 16 இரட்டைச் சேனலில் (ஒரே நேரத்தில் இரண்டு பாதையில்) வேகமாகவும், மிஞ்சிய 8 ஒற்றைச் சேனலிலும் ஓடும். அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் பற்றவைத்தது வெறும் 4 ஜிபி என்றால் யோசியுங்கள்.

கம்பெனிகள் ஏன் பற்றவைக்கின்றன? காசு பார்க்கத்தான் என்று திட்டிவிட்டுப் போகலாம், அதில் பாதி உண்மையும் உண்டு. மறுபாதி பொறியியல். எல்பிடிடிஆர் வகை ரேம் குறைந்த மின்சாரத்தில் ஓடும். அதன் வேகத்துக்கு சிப்புக்கும் புராசஸருக்கும் நடுவே தூரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். நடுவில் ஸ்லாட் வந்தால் சிக்னல் கெடும். இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் புராசஸரின் பொதிக்குள்ளேயே வந்துவிட்டது, 16 அல்லது 32 ஜிபி, அவ்வளவுதான். பழுதுபார்ப்பை வைத்தே பெயர் வாங்கிய ஃபிரேம்வொர்க்கூட, ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் சிப் வைத்துச் செய்த டெஸ்க்டாப்பில் ரேமைப் பற்றவைக்க வேண்டியதாயிற்று. எல்பிகேம்2 என்ற புதுவகைத் தொகுதி இதற்கு ஒரு வழி: எல்பிடிடிஆர் ரேமையே திருகு போட்டு மாட்டலாம். 2024-ல் திங்க்பேட் பி1 ஜென் 7 (ஏழாம் தலைமுறை) அதோடு வந்தது. அதுவும் 16 அங்குலம்தான். 13, 14 அங்குலத்துக்கு அது தாராளமாக வரும்வரை நாம் தேட வேண்டியது, கழற்றி மாட்டும் ரேம் பட்டைக்கான பழைய சோடிம் ஸ்லாட்டைத்தான்.

முதல் படி: உங்கள் வேலையை எழுதிவையுங்கள்

இதை நீட்ட மாட்டேன். எழுத்து, பிரவுசர், வீடியோ கால் என்றால் 16 ஜிபி ரேமும், நாலு கோர் (புராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள புராசஸரும் தாராளம். டாக்கர், விர்ச்சுவல் மெஷின், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ என்றால் 32 ஜிபியும் ஆறு எட்டு கோர்களும் வேண்டும். 3டி வேலை, கேம், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுவது என்றால் தனி கிராபிக்ஸ் வேண்டும். அங்கே கையடக்கமும் மேம்படுத்தும் வசதியும் சேர்ந்து கிடைப்பது அரிது. ஏசுஸின் ஆர்ஓஜி ஜெஃபிரஸ் ஜி14 ரொம்ப நாள் இதற்கு நல்ல பதிலாக இருந்தது: 14 அங்குலம், தனி கிராபிக்ஸ், பற்றவைத்த ரேமோடு ஒரு ஸ்லாட். 2024 மாடலில் அந்த ஸ்லாட்டை எடுத்துவிட்டார்கள். ஆகவே ஜி14 வாங்குவதானால் 2023 வரையான மாடல், அல்லது புதியதில் முதல் நாளே 32 ஜிபி.

எடைக்கும் ஓர் எல்லை வையுங்கள். தினமும் பஸ்ஸில் தூக்கிப் போகிறவருக்கு ஒன்றரை கிலோவுக்குள். சார்ஜரின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: புராசஸர் பெயரைப் படிக்கப் பழகுங்கள்

ஐ5, ஐ7 என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஐ5-7200யூ என்பது ஏழாம் தலைமுறை, இரண்டே கோர். 2017 ஆகஸ்டில் வந்த ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை, நாலு கோர். ஒரு தலைமுறைதான் வித்தியாசம், கோர் எண்ணிக்கையோ இரட்டிப்பு. ஏழாம் தலைமுறை ஐ7-7500யூகூட இரண்டு கோர்தான். பழைய ஐ7-ஐவிட அடுத்த தலைமுறை ஐ5 மேல் என்று நான் சொன்னால் நம்ப மறுக்கும் நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எட்டாம் தலைமுறை இன்னொரு வகையிலும் எல்லைக்கோடு. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஆதரிப்பது, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதனால் ஆறு, ஏழாம் தலைமுறை லேப்டாப்கள் சந்தையில் மலிவாகக் கொட்டிக் கிடக்கின்றன. லினக்ஸ் போடத் தெரிந்தவருக்கு அது லாபம். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் எட்டுக்குக் கீழே இறங்காதீர்கள்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். யூ என்றால் 15 வாட் ரகம், பேட்டரி நிற்கும். பி என்றால் 28 வாட். எச் என்றால் 45 வாட் ரகம், வேகம் உண்டு, விசிறிச் சத்தமும் உண்டு. மெல்லிய உடம்பில் எச் போட்டால், சூடு தாங்காமல் சில நிமிடத்தில் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கையடக்கத்துக்கு நல்ல யூ புராசஸரே பொருத்தம் என்பது என் கட்சி.

ஏஎம்டியில் பெயர்க் குழப்பம் இன்னும் அதிகம். ரைசன் 7 5700யூ என்பதும் 5800யூ என்பதும் அண்ணன் தம்பி போலத் தெரியும். ஏஎம்டி தன் கோர் வடிவமைப்புக்கு வைத்த பெயர் ஜென் (Zen). முதலாவது ஜென் 2, இரண்டாவது ஜென் 3, தலைமுறையே வேறு. அதைவிட மோசம் ரைசன் 5 7520யூ. ஏழாயிரத்தில் தொடங்குகிறதே, புதுசு என்று நினைத்தால், உள்ளே பழைய ஜென் 2-ல் நாலு கோர். அதோடு அந்தச் சிப் எல்பிடிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். ஆக ரேம் கட்டாயம் பற்றவைத்ததாகத்தான் இருக்கும். புது லேப்டாப் விளம்பரத்தில் இந்தப் பெயரைப் பார்த்தால் தாண்டிப் போங்கள்.

மூன்றாம் படி: கடைக்குப் போகும் முன் காகிதம் பார்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

கடை இணையதளத்தின் விவரப் பட்டியலை நம்பாதீர்கள். "32 ஜிபி வரை விரிவாக்கலாம்" என்று போட்டிருக்கும். அது அந்த மாடல் குடும்பத்தில் அதிகபட்சமாக விற்கப்படும் ரேம் அளவாக இருக்கும், உங்கள் கையில் வரும் லேப்டாப்பில் ஸ்லாட் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தயாரித்தவரின் சொந்த ஆவணத்துக்குப் போங்கள். லெனோவோவுக்கு பிஎஸ்ரெஃப் என்ற தளம் இருக்கிறது. மாடல் பெயரைப் போட்டால் "மெமரி ஸ்லாட்ஸ்" என்ற வரியில் இரண்டு சோடிம் ஸ்லாட்டா, ஒன்று பற்றவைத்ததா, ஸ்லாட்டே இல்லையா என்று தெளிவாகச் சொல்லும். எச்பிக்கு குயிக்ஸ்பெக்ஸ் என்ற பிடிஎஃப் உண்டு. டெல்லுக்கு மாடல் பெயரையோ சர்வீஸ் டேக்கையோ ஆதரவுத் தளத்தில் போட்டால் மேனுவல் வரும்.

அடுத்தது சர்வீஸ் மேனுவல். லெனோவோ இதை ஹார்டுவேர் மெயின்டனன்ஸ் மேனுவல் என்கிறது, எச்பி மெயின்டனன்ஸ் அண்ட் சர்வீஸ் கைடு என்கிறது. இலவசமாகவே கிடைக்கும். இருநூறு பக்கம் இருந்தாலும் பயப்படாதீர்கள், முழுக்கப் படிக்க வேண்டாம். பொருளடக்கத்தில் மெமரி மாட்யூலைக் கழற்றுவது என்று ஓர் அத்தியாயம் இருக்கிறதா? இருந்தால் ஸ்லாட் இருக்கிறது. அப்படி அத்தியாயமே இல்லை, சிஸ்டம் போர்டைக் கழற்றுவதுதான் இருக்கிறது என்றால் ரேம் பற்றவைத்தது. பேட்டரி, வைஃபை கார்டு, எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் இதே சோதனை செல்லும். எத்தனை திருகு, எதை முதலில் கழற்ற வேண்டும், கீபோர்டு மேல்பக்கமாக வருமா, போர்டையே எடுக்க வேண்டுமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

லேப்டாப் ஏற்கெனவே எதிரில் இருக்கிறது, விண்டோஸ் ஓடுகிறது என்றால் இன்னும் சுலபம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் சோடிம் என்று இருந்தால் கழற்றும் பட்டை. ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் பற்றவைத்தது. "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பற்றவைத்த சிப்பையும் சில லேப்டாப்கள் ஸ்லாட் கணக்கில் காட்டும்.

ஒரு விலக்கு. சில வரிசைகள் எப்போதுமே பற்றவைத்தவை; அவற்றுக்கு மேனுவல் தேடி நேரம் போக்க வேண்டாம். திங்க்பேட் எக்ஸ்1 கார்பன், டெல் எக்ஸ்பிஎஸ் 13, ஆப்பிளின் எம் வரிசை மேக்புக்குகள். நல்ல லேப்டாப்கள்தான். வாங்குவதானால் வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் ரேமை முதல் நாளே கொடுத்து வாங்க வேண்டும், அவ்வளவே.

நான்காம் படி: எந்த மாடல்?

கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கொடுத்து, மூன்று நாலு வருடத்தில் விற்றுத் தள்ளிவிடும் பிசினஸ் லேப்டாப்கள்தான் புதிதாக இதில் இறங்குகிறவருக்கு நல்ல இடம். ஐடி துறை ஆட்கள் தாங்களே கழற்றி மாட்ட வேண்டும் என்று செய்யப்பட்டவை. உதிரிபாகமும் எளிதில் கிடைக்கும். சென்னையில் ரிச்சி தெரு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா என்று எல்லா ஊரிலும் இதற்கென்று ஓர் இடம் இருக்கிறது.

நான் பலருக்குச் சொல்லி வாங்க வைத்தது 2018-ன் திங்க்பேட் டி480. 14 அங்குலம், எட்டாம் தலைமுறை, இரண்டு டிடிஆர்4 ஸ்லாட். லெனோவோ முறைப்படி 32 ஜிபி என்கிறது. 64 போட்டு ஓட்டுகிறவர்கள் ஏராளம். இரண்டு பேட்டரி: உள்ளே ஒன்று, வெளியே கழற்றக்கூடிய ஒன்று. லேப்டாப்பை அணைக்காமலே வெளிப் பேட்டரியைக் கழற்றி வேறொன்று மாட்டலாம். 72 வாட்-ஹவர் பெரிய பேட்டரியும் உண்டு, பின்னால் திமில் போல நீட்டிக்கொண்டிருக்கும். யூஎஸ்பி-சி சார்ஜர் போதும். குறைகளும் உண்டு. எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல்தான். எஸ்எஸ்டி ஒரு கேபிள் வழியாக, பாதித் தரவுப் பாதைகளில் மட்டும் ஓடுவதால், விலை உயர்ந்த வேகமான எஸ்எஸ்டி போடுவது வீண். அப்புறம் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் ஒரு பிழை இருந்தது; புதுப்பிக்காமல் விட்டால் யூஎஸ்பி-சி போர்ட் நாளடைவில் சார்ஜே ஏற்காமல் போகலாம். லெனோவோ திருத்தம் வெளியிட்டுவிட்டது. வாங்கியதும் முதல் வேலையாக அதைப் போடுங்கள்.

டி480எஸ் என்று ஓர் எழுத்து கூடினால் மெலிதாகும், ஸ்லாட்டில் ஒன்று போய்விடும். எஸ் என்றால் ஸ்லிம், ஸ்லிம் என்றால் தியாகம். எக்ஸ்270 வரை ஸ்லாட் வைத்திருந்த 12.5 அங்குல எக்ஸ் வரிசையும், எக்ஸ்280-லிருந்து முழுக்கப் பற்றவைத்ததாகிவிட்டது. பெயர் வரிசை தொடர்கிறது என்பதற்காக வசதியும் தொடரும் என்று நினைக்கக் கூடாது.

உண்மையிலேயே சின்னது வேண்டுமா? அதிகம் பேசப்படாத எச்பி எலைட்புக் 830 வரிசையைப் பாருங்கள். 2018-ல் வந்த 830 ஜி5-ஐ எடுத்துக்கொண்டால், 13.3 அங்குலம், எட்டாம் தலைமுறை, அதில் இரண்டு ரேம் ஸ்லாட். அந்த அளவு உடம்பில் இரண்டு ஸ்லாட் அபூர்வம். இதன் ஏஎம்டி தம்பி 835 ஜி7-ல் ரைசன் புரோ 4000 வரிசை. அதிகபட்சம் எட்டு கோர், அதற்கும் இரண்டு ஸ்லாட். "கையடக்கம், சக்தி, மேம்படுத்தல் மூன்றும் ஒன்றாக வேண்டும், பட்ஜெட் குறைவு" என்று ஒருவர் வந்தால் நான் முதலில் தேடச் சொல்வது இதைத்தான். கிடைப்பது கொஞ்சம் கடினம். 14 அங்குலம் பரவாயில்லை என்றால் 845 ஜி7, டெல் லேட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 எல்லாமே இரண்டு ஸ்லாட்.

புதியதுதான் வேண்டும் என்றால், சந்தோஷமான செய்தி ஒன்று. திங்க்பேட் டி14 நடுவில் சில தலைமுறைகளாகப் பாதியோ முழுக்கவோ பற்றவைத்த ரேமோடு வந்துகொண்டிருந்தது. 2024-ன் ஐந்தாம் தலைமுறையில் (ஜென் 5) மறுபடி இரண்டு ஸ்லாட் வந்துவிட்டது. பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் தளம் அதற்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்தது. விலை குறைவாக வேண்டும் என்றால் திங்க்பேட் எல்14, எச்பி புரோபுக் 440 வரிசைகளைப் பாருங்கள்.

ஃபிரேம்வொர்க் 13 இந்தக் கேள்விக்கே பிறந்த லேப்டாப். 13.5 அங்குலம், 1.3 கிலோ, இரண்டு ஸ்லாட், பெட்டியிலேயே திருகுளி. 2021-ல் வாங்கியவர் அதே உடம்பில் இன்றைய மதர்போர்டைப் போட்டுக்கொள்ளலாம். புராசஸரை மாற்ற முடியாது என்று மேலே சொன்னேனே, அதைச் சுற்றிப்போகும் ஒரே நேர்மையான வழி இது. ஆனால் எல்லா நாட்டுக்கும் அவர்கள் அனுப்புவதில்லை. உங்கள் நாடு பட்டியலில் இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுக் கனவு காணுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கையில் வரவழைத்தால் வாரண்டி கைவிட்டுப் போகும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஐந்தாம் படி: கடையில் பத்து நிமிடம்

பயன்படுத்திய லேப்டாப் என்றால் முதலில் பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புகளுக்குள் போங்கள். ஆன் செய்ததும் அழுத்த வேண்டியது, திங்க்பேடில் எஃப்1, எச்பியில் எஃப்10, டெல்லில் எஃப்2. பாஸ்வேர்டு கேட்டால் பேரமே வேண்டாம், எழுந்துவிடுங்கள். "அது ஒண்ணும் பண்ணாது சார்" என்பார்கள். நாளைக்கு பூட் வரிசையை மாற்ற வேண்டும் என்றால் பண்ணும். பயாஸில் காட்டும் சீரியல் நம்பர் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது பூட்டு கண்ணுக்குத் தெரியாது. கம்பெனி லேப்டாப்களை, தூரத்திலிருந்தே நிர்வகிக்க மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் சேவையில் பதிந்து வைத்திருப்பார்கள். பழைய கம்பெனி அதை நீக்காமல் விற்றிருந்தால், நீங்கள் விண்டோஸைப் புதிதாகப் போட்டு இணையத்தில் இணைத்ததும் யாரோ ஒரு கம்பெனியின் பெயரோடு லாகின் பக்கம் வந்து நிற்கும். கடைக்காரர் போட்டுக் கொடுத்த விண்டோஸில் இது தெரியாது. முடிந்தால் அங்கேயே ரீசெட் செய்து, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், இப்படி வந்தால் லேப்டாப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று கடைக்காரரிடம் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பேட்டரிக்கு கமாண்ட் பிராம்ப்டில் ஒரு கட்டளை உண்டு: பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் (powercfg /batteryreport). ஓர் அறிக்கைக் கோப்பு உருவாகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி எவ்வளவு, இப்போது ஃபுல் சார்ஜில் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். பாதிக்கும் கீழே இருந்தால் புதுப் பேட்டரி விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். அதைத் தொடாதீர்கள். எஸ்எஸ்டி நலனை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும். கெட்டிருந்தாலும் கவலையில்லை, அது மாற்றக்கூடிய பொருள்.

டிஸ்ப்ளேயில் ஏமாறாதீர்கள். ஒரே டி480 மங்கலான 1366×768 டிஎன் திரையோடும் வந்தது, 1920×1080 ஐபிஎஸ் திரையோடும் வந்தது. பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள், நிறம் மாறினால் டிஎன். பின்னால் மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் அதற்குச் செலவழிப்பதைவிட பக்கத்துக் கடைக்கு நடக்கலாம். கீபோர்டில் ஒவ்வொரு விசையையும் தட்டிப் பாருங்கள். இறக்குமதியான சிலவற்றில் இசட்டும் ஒய்யும் இடம் மாறிய ஜெர்மன் கீபோர்டு இருக்கும், மேலே ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருப்பார்கள். எல்லா யூஎஸ்பி போர்ட்டிலும் பென்டிரைவைச் செருகிப் பார்ப்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

கடைசியாக, புராசஸரை முழு வேகத்தில் வேலை வாங்கிச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை ஒரு பத்து நிமிடம் ஓட விடுங்கள். விசிறி கத்தட்டும், பரவாயில்லை. திடீரென அணைந்தாலோ, வேகம் படுத்துவிட்டாலோ, புராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், இல்லை அதைவிடப் பெரிய கோளாறு.

ஆறாம் படி: திருகுளியை எடுப்பது

ரேம் வாங்கும்போது தலைமுறை முக்கியம். டிடிஆர்4-ம் டிடிஆர்5-ம் ஒன்றுக்கொன்று பொருந்தாது, நடுவில் இருக்கும் வெட்டே இடம் மாறியிருக்கும். இரண்டு பட்டையும் ஒரே அளவில் இருந்தால் இரட்டைச் சேனல் முழுதாக வேலை செய்யும். தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் இது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம், ஏனென்றால் கிராபிக்ஸும் அதே ரேமிலிருந்துதான் சாப்பிடுகிறது. பிராண்டு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வேகம் வேறானால் மெதுவானதன் வேகத்தில் இரண்டும் ஓடும்.

இங்கே என் விதிக்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். "ரேமை அப்புறம் வாங்கலாம், விலை இறங்கும்" என்பது பல வருடங்கள் பலித்தது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரிச் சிப்புகளை வாரிக்கொண்டு போக, விலை கடுமையாக ஏறிவிட்டது. அதனால் 8 ஜிபி லேப்டாப் விலையோடு தனிப்பட்டை விலையைக் கூட்டிப் பாருங்கள். சில சமயம் 16 ஜிபியோடு வரும் பழைய லேப்டாப்பே மலிவாக முடியும்.

எஸ்எஸ்டியில் 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்ற குட்டை வகைகளும் உண்டு. இடம் எது என்று மேனுவலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். வைஃபை கார்டில் ஒரு பொறி: இன்டெல் ஏஎக்ஸ்210 பொதுவான எம்.2 இடத்தில் ஏஎம்டி லேப்டாப்பிலும் ஓடும். ஒரே ஓர் எண் தள்ளியிருக்கும் ஏஎக்ஸ்211 அதற்கேற்ற இன்டெல் புராசஸரோடு மட்டும்தான் பேசும். திங்க்பேட் எக்ஸ்230 போன்ற பழையவற்றில் பயாஸே தெரியாத கார்டை மறுத்துவிடும்.

வேலை இப்படி. முதலில் பேக்கப். டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் லேப்டாப் உங்களையே திருடனாகப் பார்க்கும். அணைத்து, சார்ஜரைப் பிடுங்குங்கள். திங்க்பேடில் உள்பேட்டரியைத் தற்காலிகமாக நிறுத்த பயாஸில் பவர் பகுதியில் ஒரு வழி உண்டு. மற்றவற்றில் மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். திருகுகள் வெவ்வேறு நீளமாக இருக்கலாம். ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து அந்தந்த இடத்தில் திருகை செல்லோடேப் போட்டு ஒட்டிவையுங்கள், என் அனுபவத்தில் இதைவிட நல்ல முறை இல்லை. மூடியை இரும்பால் நெம்பாதீர்கள். பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். கிளிப் விடுபடும் சத்தம் உடையும் சத்தம் போலவே கேட்கும், பதறாதீர்கள்.

உலோகத்தைத் தொட்டு உடம்பின் மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, ரேமைச் சாய்வாகச் செருகி, கீழே அழுத்துங்கள். இரண்டு பக்கக் கொக்கியும் கிளிக் என்று பிடிக்க வேண்டும். முதல்முறை ஆன் செய்யும்போது திரை கறுப்பாகவே நிற்கும். டிடிஆர்5 என்றால் புது ரேமைப் பழக்கிக்கொள்ள ஓரிரு நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் பயந்து அணைத்துவிடாதீர்கள். நான் அணைத்தேன், மூன்று தடவை, பிறகு கடைக்காரருக்கு போன் போட்டுத் திட்டவும் செய்தேன். தப்பு என்னுடையது.

எஸ்எஸ்டி மாற்றினால் விண்டோஸ் உரிமம் போய்விடுமோ என்று கேட்பார்கள். டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு கட்டியது. புதிதாக நிறுவி இணையத்தில் இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகும். இரவு தூங்கப் போகும் முன் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென்டிரைவிலிருந்து ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் பட்டையைத் திருப்பிக் கொடுங்கள். கழற்றிய பழைய எஸ்எஸ்டிக்கு ஒரு யூஎஸ்பி உறை வாங்கிப் போட்டால் பேக்கப் டிரைவ் ஆகிவிடும். பழைய ரேம் பட்டையை உடனே விற்காதீர்கள். புதியதில் பிழை வந்தால் அன்றைக்கு லேப்டாப் ஓட அது வேண்டும்.